வீட்டுக் கோப்பு வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும்

நம் வயதுக்காரர்கள் வீட்டில் இப்போது ஒரு கணினி இல்லை, இரண்டு மூன்று இருக்கின்றன. மகன் புதிது வாங்கியபோது விட்டுப்போன விண்டோஸ் லேப்டாப் ஒன்று. பிரான்சிலிருந்து வந்துபோகும் மகளின் மேக் ஒன்று. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பராமரிப்பு நின்றுவிட்டதால், விண்டோஸ் 11 ஏறாத பழைய மேஜைக் கணினியில் பேரன் போட்டுக்கொடுத்த லினக்ஸ் ஒன்று. மூன்றும் ஒரே கூரையின் கீழ், ஒரே வைஃபையில் இருக்கின்றன. ஆனால் ஒன்றில் இருக்கும் தாளை இன்னொன்றில் பார்க்க வேண்டுமென்றால் என்ன செய்கிறோம்? வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்கிறோம். இல்லாவிட்டால் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறோம். பிள்ளைகளைக் கேட்டால், "எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுடுங்கப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

பத்தடி தள்ளியிருக்கும் மேஜைக்குப் போக வேண்டிய தாள், ஊர் தாண்டி எங்கேயோ இருக்கிற ஒரு கிடங்குக்குப் போய்த் திரும்பி வருகிறது. இது தேவையில்லை என்பது என் கருத்து. வீட்டுக் கோப்பு வீட்டுக்குள்ளேயே நடமாட வழி இருக்கிறது. அந்த வழி அடைபட்டால் எங்கே அடைபட்டது என்று பார்க்க நம்மாலும் முடியும். பார்க்கத் தெரிந்திருப்பது அவசியமும்கூட. அவசியம் என்று ஏன் சொல்கிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் கணினி படித்தவன் அல்ல. புதுவை அரசு அலுவலகங்களில் குமாஸ்தாவாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். கோப்பை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகவைப்பதுதான் என் தொழில். அதனால் இந்த விஷயத்தில் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரே கட்டுக்குள் மூன்று மொழி இருக்கும். பழைய பதிவேட்டின் நகல் பிரெஞ்சில். அதன்மேல் குறிப்பு ஆங்கிலத்தில். மனுதாரர் கொடுத்த மனு தமிழில். பிரெஞ்சு வழியில் படித்த என்னைப் போன்றவர்கள் நடுவில் உட்கார்ந்து படித்துச் சொல்வோம். மொழி மூன்றானாலும் கோப்பு நகர்ந்தது. காரணம், எண் போடுவது, பதிவது, அனுப்புவது, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குவது ஆகிய நடைமுறை எல்லாருக்கும் ஒன்று. கணினிகளுக்கும் அப்படி ஒரு பொது நடைமுறை உண்டு. அதன் பெயர் எஸ்எம்பி.

இதை 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் உருவாக்கினார். பிறகு மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்து விண்டோஸின் தாய்மொழி ஆக்கியது. யூனிக்ஸ், லினக்ஸ் இயந்திரங்களுக்கு அந்த மொழி தெரியாது. தெரியவைத்தவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆஸ்திரேலிய மாணவர். 1991 கடைசியில், கான்பெராவில் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தபோது, தன் பிசியிலிருந்து பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் இயந்திரத்தில் உள்ள கோப்புகளைப் பார்க்க வேண்டி ஆரம்பித்தார். அதற்கு முழு விளக்கக் குறிப்பு அவர் கையில் இல்லை. இரண்டு இயந்திரங்கள் கம்பிவழியே பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டு, எதைக் கேட்டால் என்ன பதில் வருகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் "பிரெஞ்சு கஃபே" முறை. புத்தகமே இல்லாமல் பிரெஞ்சு கற்க ஆசைப்படும் ஒருவன், பிரெஞ்சு கஃபே ஒன்றில் போய் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன சொன்னால் பரிமாறுபவர் என்ன கொண்டுவருகிறார் என்று கவனிப்பதைப் போல. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில் பள்ளிக்கூடமே போகாமல், துரை வீட்டு வாசலில் நின்று நின்றே பிரெஞ்சு பேசக் கற்றவர்கள் இருந்தார்கள்.

அவர் எழுதிய மென்பொருளின் பெயர் சாம்பா. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடிப் பிடித்து வைத்த பெயர். இன்று லினக்ஸ் இயந்திரங்கள் விண்டோஸோடு பேசுவது இதன்மூலம்தான். ஆப்பிளும் 2013-இல் வந்த பதிப்பிலிருந்து தன் சொந்த முறையைப் பின்னுக்குத் தள்ளி, எஸ்எம்பியை முதல் வழியாக எடுத்துக்கொண்டது. ஆக, வீட்டில் இருக்கும் மூன்றுக்கும் பொதுமொழி இருக்கிறது. பிறகு ஏன் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள மறுக்கின்றன?

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற விஷமம் உலகத்தைச் சுற்றியது நினைவிருக்கும். கோப்புகளைப் பூட்டுப் போட்டுவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அது நுழைந்தது எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக. அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், புதிதாக நிறுவும்போது அந்தப் பழைய முறை சேர்க்கப்படுவதில்லை. 2019-இல் சாம்பாவும் அதை நிறுத்திவைத்தது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் புரோ வகை இன்னும் கறாரானது. பாஸ்வேர்டு கேட்காத "விருந்தாளி" நுழைவை அது ஏற்பதில்லை. இவையெல்லாம் சரியான காரியங்கள்தான். ஓட்டைக் கதவை அடைக்காதே என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

என் வழக்கு வேறு. அலுவலகத்தில் ஒரு பிரிவை மாடிக்கு மாற்றினால், பழைய அறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டுவோம்: "இப்பிரிவு இரண்டாம் மாடிக்கு மாற்றப்பட்டுள்ளது." கணினி உலகத்தில் அந்தக் காகிதத்தை ஒட்ட மறந்துவிடுகிறார்கள். நேற்றுவரை திறந்த கதவு இன்று திறக்கவில்லை. கேட்டால், "பாதை கிடைக்கவில்லை, பெயரைச் சரிபார்க்கவும்" என்று ஒரு வரியும், அதன்கீழ் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு குறியீடும் வருகின்றன. பாதை இல்லையா, பெயர் தவறா, பாஸ்வேர்டு தவறா, கதவே மாற்றப்பட்டதா என்று சொல்வதில்லை. வயதானவர், "நமக்குத்தான் புரியவில்லை" என்று எழுந்துபோய்விடுகிறார். அவருடைய இயலாமை என்று இது பதிவாகிறது. இதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இப்போது, அவசியம் என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன்.

என் நண்பர் ஒருவர் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். நம் ஊர்ப் பேச்சில் சொல்தா. ஒழுங்கானவர். பென்ஷன் தாள், எத்தா சிவில் நகல், வீட்டுப் பத்திரம், பிள்ளைகள் படம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, மாடியில் இருந்த லினக்ஸ் கணினியில் அடுக்கி வைத்திருந்தார். முட்டிவலியால் மாடி ஏற முடியாத அவர் மனைவி கூடத்தில் இருக்கும் விண்டோஸ் லேப்டாப்பில் அவற்றைத் திறந்து பார்க்கிற மாதிரியும் செய்துவைத்திருந்தார். போன வருடம் அவர் காலமானார். விதவைக்குச் சேர வேண்டிய பங்கு பென்ஷனுக்காகத் திருமணப் பதிவும் குடும்பப் புத்தகமும் கேட்டு பிரான்சிலிருந்து கடிதம் வந்தது. கெடு போட்டிருந்தார்கள். அண்ணி லேப்டாப்பைத் திறந்தால், அந்த அடுக்கு காணோம்.

"அவரோட போயிடுச்சு போல தம்பி" என்றார். கணினியைத்தான் சொன்னார். ஆனாலும் கேட்க முடியவில்லை.

விடுமுறையில் வந்திருந்த மகள், "சித்தப்பா, எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்திடலாம், இனிமே பிரச்சினையே வராது" என்றாள். எதை ஏற்றுவது? முதலில் கதவு திறக்க வேண்டுமே. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தோம். நான்கு இடத்தில் அடைப்பு இருந்தது. நான்கையும் வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் இந்த நான்கில் ஒன்றுதான் இருக்கும்.

முதலாவது, தெரு. இரண்டு கணினியும் ஒரே தெருவில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கணினிக்கும் வீட்டுக்குள் ஓர் ஐபி எண் உண்டு. வீடுகளில் பொதுவாக அதன் முதல் மூன்று பகுதி ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே கூடத்து லேப்டாப் 192.168.1 என்று தொடங்கியது, மாடிக் கணினி 192.168.0 என்று தொடங்கியது. அவர் போன பிறகு ஃபைபர் இணைப்பு மாற்றியிருக்கிறார்கள். புது மோடம் கூடத்தில். பழைய ரவுட்டரைத் தூக்கி மாடியில் வைத்துக் கம்பி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டிலும் இன்டர்நெட் வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் மாடி ரவுட்டர் தனக்குப் பின்னால் ஒரு தனித் தெருவை உண்டாக்கிக்கொண்டு, கீழேயிருந்து வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. ரவுட்டரை வெறும் "ஆக்சஸ் பாயிண்ட்" ஆக மாற்றியதும் தெரு ஒன்றானது. அப்படி மாற்றும் வசதி பெரும்பாலான ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கும். ஒரு கணினி "கெஸ்ட்" வைஃபையில் மாட்டியிருந்தாலும் இதே கதைதான்.

இரண்டாவது, பெயர்ப்பலகை. தெரு ஒன்றானதும் மகளின் மேக்கில் மாடிக் கணினியின் பெயர் தானாக வந்து நின்றது. விண்டோஸில் வரவில்லை. மகள் உடனே விண்டோஸ் பழுது என்றாள். பழுதில்லை. அக்கம்பக்கத்துக் கணினிகளின் பெயரைத் திரட்டிக் காட்டும் பழைய வழி, நான் மேலே சொன்ன முதல் பதிப்போடு சேர்ந்தே போய்விட்டது. இப்போது விண்டோஸ் வேறு முறையில் கூப்பிட்டுப் பார்க்கிறது. சாம்பா அதற்குத் தானாகப் பதில் சொல்வதில்லை. மேக் கூப்பிடும் முறை இன்னொன்று. அதற்குப் பதில் சொல்ல லினக்ஸில் ஏற்பாடு உண்டு. இது பலகையைப் பற்றிய சங்கதி மட்டுமே. பலகை இல்லாவிட்டாலும் வீடு இருக்கிறது. விண்டோஸில் கோப்புச் சாளரத்தின் மேலே இருக்கும் முகவரிப் பட்டையில், இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு, மாடிக் கணினியின் ஐபி எண்ணை நேராக அடித்தோம். கதவு தட்டப்பட்டது. உள்ளேயிருந்து "யார்?" என்று கேட்டது. அதாவது பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. பட்டியலில் பெயர் காணவில்லை என்றவுடன் கையை உதறிவிடுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: பட்டியலை நம்பாதீர்கள், எண்ணை அடித்துப் பாருங்கள். பிறகு ரவுட்டரில் அந்தக் கணினிக்கு அதே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லிவிடுங்கள், நாளைக்கு மாறாது.

மூன்றாவது, சாவி. மாடிக் கணினியில் தினமும் நுழையும் பாஸ்வேர்டைக் கொடுத்தோம். மறுத்துவிட்டது. லினக்ஸில் சாம்பா தன் சாவிகளைத் தனியாக வைத்துக்கொள்கிறது. கணினிக்குள் நுழையும் பாஸ்வேர்டும் சாம்பாவின் பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. விண்டோஸிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. நாம் தினமும் தட்டும் நாலு இலக்கப் பின் நம்பர் அந்த ஒரு இயந்திரத்துக்கு மட்டும். வெளியிலிருந்து வருகிறவர் கொடுக்க வேண்டியது கணக்கின் முழுப் பாஸ்வேர்டு. மேக்கிலோ, பகிர்வு அமைப்பில் விண்டோஸ்காரருக்கென்று கணக்குக்கு எதிரே தனியாக ஒரு டிக் போட வேண்டியிருக்கும்.

நண்பரின் சாவி எங்கே? அவர் எழுதி வைக்காமல் போகிறவர் அல்ல என்று எனக்குத் தெரியும். அண்ணியிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "கணக்கு நோட்டில கடைசிப் பக்கத்துல 'சாம்பா'ன்னு எழுதி ஏதோ கிறுக்கியிருக்கார். சம்பா அரிசிக்குத்தான் கணக்கு எழுதினார்னு விட்டுட்டேன்" என்றார். எடுத்துப் பார்த்தால், சாம்பா என்ற சொல்லுக்குக் கீழே பயனர் பெயர், பாஸ்வேர்டு, கோப்புறையின் பெயர், மூன்றும் அழகான கையெழுத்தில். அடித்தோம், திறந்தது. அண்ணி கொஞ்ச நேரம் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது, கோப்பின் பெயர். எல்லாம் திறந்தும் குடும்பப் புத்தகத்தைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து எழுத்தும் ஓர் அலைக்கோடும் சேர்ந்து பொருளில்லாத ஒரு பெயர் இருந்தது. நண்பர் பிரெஞ்சு முறைப்படி பெயரெழுதி, ஓர் இடம் விட்டு, முக்காற்புள்ளி வைத்து, வருடம் எழுதுவார். லினக்ஸ் அதை ஏற்கும். விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் முக்காற்புள்ளி வரக்கூடாது. கேள்விக்குறி, நட்சத்திரம், மேற்கோள் குறியும் கூடாது. அதனால் சாம்பா அந்தப் பெயரைச் சுருக்கி வேறு வேடம் போட்டு அனுப்புகிறது. மாடிக்குப் போய் முக்காற்புள்ளியை எடுத்துவிட்டுச் சிறு கோடு போட்டேன். அடுத்த நிமிடம் கீழே சரியான பெயரோடு வந்தது. தாள்கள் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தன.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பிரெஞ்சின் மேற்குறி எழுத்துகளையும், தமிழில் "கொ", "கோ" போன்றவற்றையும் கணினி இரண்டு விதமாக எழுதி வைக்க முடியும்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான். பழைய மேக் வட்டுகள் பிரித்து எழுதும், மற்றவை பெரும்பாலும் சேர்த்து எழுதும். அதனால் ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருப்பதுபோல் தெரிவதும், தேடினால் கிடைக்காமல் போவதும் உண்டு. அதோடு, லினக்ஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. விண்டோஸுக்கு ஒன்று. எல்லா இயந்திரத்துக்கும் பொதுவான கோப்புகளுக்கு எளிய பெயர், எண், சிறு கோடு, இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கிளவுட் வேண்டாம் என்கிறேனா? இல்லை. 2011 கடைசியில் தானே புயல் நம் ஊரை என்ன செய்தது என்று பார்த்தவன் நான். எந்தத் தாளுக்கும் வீட்டுக்கு வெளியே ஒரு நகல் இருப்பது புத்திசாலித்தனம். ஆனால் அது நகலாக இருக்க வேண்டும். மூலமும் அதற்குப் போகும் ஒரே வழியும் வாடகைக்கு எடுத்த கிடங்கில் இருந்தால், வாடகை நின்ற மாதம் என்ன ஆகும்? சொந்தக்காரர் இறந்து, அவர் கைப்பேசி எண்ணும் நின்றுபோனால், அந்த எண்ணுக்கு வரும் ரகசியக் குறியீட்டை யார் வாங்குவார்? வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப் போகிறது. ஐம்பது வருடப் படத்தின் தெளிவு அதில் போய்விடும். பென் டிரைவுக்கும் எல்லைக்கோடு உண்டு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் தயாரித்ததை மேக் படிக்கும், தன் போக்கில் எழுதாது. எக்ஸ்ஃபேட் முறையில் தயாரித்தால் மூன்றிலும் ஓடும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். "அப்பாவுக்கு எதுக்கு இதெல்லாம், நான் பார்த்துக்கறேன்" என்பது பாசம்தான். ஆனால் பார்த்துக்கொள்கிறவர் தூலூஸிலோ பெங்களூரிலோ இருக்கும்போது, கெடு போட்ட கடிதம் புதுவைக்குத்தான் வருகிறது.

ஆகவே என் யோசனை பெரிதல்ல, ஒரு தாள் அளவுதான். ஒரு முழுத்தாளில் எழுதுங்கள்: கோப்புகள் எந்தக் கணினியில், எந்தக் கோப்புறையில் இருக்கின்றன, அதன் ஐபி எண் என்ன, பயனர் பெயர், பாஸ்வேர்டு, ரவுட்டரின் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை எழுதி வைக்கக் கூடாது என்று இளைஞர்கள் சொல்வார்கள். கணினியின்மேல் ஒட்டி வைக்கத்தான் கூடாது. பத்திரமும் நகையும் இருக்கும் பெட்டியில் வைத்தால், அவற்றுக்குள்ள காவல் இதற்கும் இருக்கும். எழுதியபின் இன்னொரு காரியம்: வீட்டில் உள்ள இன்னொருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் திறந்து காட்டச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் வரவில்லை என்றால் எண்ணை அடிக்கச் சொல்லுங்கள்.

கணினி செய்கிறவர்களிடமும் நாம் கேட்க வேண்டியது உண்டு. 2004-இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டதில் ஒரு குற்றச்சாட்டு, மற்றவர்களின் இயந்திரங்கள் விண்டோஸோடு பேசத் தேவையான விவரத்தைத் தராதது. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த டிசம்பரில் சாம்பாகாரர்களுக்குப் பத்தாயிரம் யூரோ கட்டணத்தில் விவரக்குறிப்புகள் கிடைத்தன. பதினாறு வருடம் கஃபேயில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டவர்களுக்குக் கடைசியில் அகராதி கிடைத்தது. கேட்டதனால் கிடைத்தது. அதுபோல, கதவை மாற்றினால் காகிதம் ஒட்டுங்கள், எது தவறு என்று எங்கள் மொழியில் நேராகச் சொல்லுங்கள் என்று கேட்பதும் நியாயம்தான்.

பிரெஞ்சில் கணினிக் கோப்புக்கு ஃபிஷியே என்பார்கள், அலுவலகக் கட்டுக்கு தோசியே. தமிழில் இரண்டுக்கும் கோப்பு என்ற ஒரே சொல்தான். எனக்கு அது பிடித்திருக்கிறது. கேட்டவர் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது கோப்பு. சேராவிட்டால் எந்த இயந்திரத்தில் இருந்தாலும் வெறும் காகிதம்.